பழகப் பழகப் பேரிதம்

எனக்கு உட்காரும் வேலை. பதவியின் பெயர் அமர்வுச் சோதகர். தற்கால அறைகலன் வடிவமைப்பு மையத்தில் உருவாகும் நாற்காலி, சோபா, முக்காலி எதுவானாலும் என் கையெழுத்து இல்லாமல் வாசலைத் தாண்டாது. 'உட்கார்ந்து பார்த்துச் சான்றளிக்கப்பட்டது' என்று அச்சடித்த சீட்டில் நான் கையெழுத்துப் போடுவேன். அதை நகல் எடுத்து ஒவ்வொரு இருக்கையின் அடியிலும் ஒட்டி அனுப்புவார்கள். பதினோரு வருடங்களாக இதுதான் என் பிழைப்பு. இந்தப் பதினோரு வருடங்களில் நான் அவற்றில் ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் சொன்னால் உங்களுக்கு என் மேல் இன்னும் அதிகமாகக் கோபம் வரும்.

உட்காரக் கூடாது என்பது மையத்தின் விதி. மாதிரி தயாரானதும் படம் எடுக்கப் போகும். அதற்கு முன்னால் யாராவது உட்கார்ந்தால் துணியில் தடம் விழும். படம் எடுத்த பிறகு கண்காட்சிக்குப் போகும். அங்கே சுற்றிலும் கயிறு கட்டியிருப்பார்கள். கண்காட்சி முடிந்தால் காப்பறை, அங்கே கண்ணாடிப் பெட்டி. அந்த மாதிரியைப் பார்த்துத் தொழிற்சாலையில் செய்கிறவை லாரி ஏறி நேராக வாங்கியவர்களிடம் போய்விடும். ஆக, எங்கள் இருக்கை ஒன்றில் முதன்முதலாக உட்காருகிற மனிதர் அதை வாங்கிய அப்பாவிதான்.

அப்படியானால் சோதகர் எப்படிச் சோதிப்பது? அதற்கும் முறை உண்டு. மாதிரியிலிருந்து மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கண்ணை மூடி, உட்கார்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு முப்பது வரை எண்ண வேண்டும். இதற்கு 'எண்ணத்தால் அமர்தல்' என்று பெயர். எண்ணி முடித்ததும் படிவத்தை நிரப்ப வேண்டும். படிவத்தை வைத்து எழுத மேசை ஒன்று கொடுத்திருந்தார்கள். அதுவும் எங்கள் தயாரிப்பு. பொருள்களைச் சுமப்பது மேசையின் அடிமைத்தனம் என்று கருதி, அதன் மேல்பலகையைச் சாய்வாக வைத்திருந்தார்கள். பேனா நிற்காது, காகிதம் நிற்காது. நான் சுவரில் வைத்துத்தான் எழுதினேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இயக்குநரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"சார், ஒரு தடவை உக்காந்து பாத்துட்டா நல்லா இருக்கும்ல?"

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "உக்காந்து பாத்துச் சொல்றதுக்குத் தெருவுல போற யார் வேணும்னாலும் போதுமேப்பா. அதுக்கு எதுக்கு ஒரு நிபுணர்?"

என்னை நிபுணர் என்று வாழ்க்கையில் யாரும் அதுவரை சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சொல்லை உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மையத்துக்குள் நாற்காலி என்ற சொல் கிடையாது. 'படைப்பு' என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறி நாற்காலி என்று சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதேபோல் புகார் என்ற சொல்லும் கிடையாது. ஒரு வீட்டுக்காரர், கதவு சுவர்ப் பக்கமாகத் திறக்கிற எங்கள் அலமாரியை வாங்கி, அதற்குள் தன் சட்டைகளை வைக்க வழி தெரியாமல் எழுதிய கடிதங்கள் 'உரையாடல்' என்ற தலைப்பில் கோப்பில் சேர்ந்தன. காப்பறையில் இரண்டு அறை நிறைய உரையாடல்கள் இருந்தன. அவ்வளவையும் அடுக்கி வைத்திருந்தது பழைய இரும்பு அலமாரிகளில். அவற்றின் கதவுகள் முன்பக்கம் திறந்தன.

பின்கட்டில் பன்னிரண்டு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள் உண்டு. ஊழியர்கள் எல்லோரும் அதில்தான் உட்கார்ந்து வேலை செய்தோம். பார்வையாளர்கள் வந்தால் காவலாளி மணி அடிப்பார். நாங்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க் கழிவறைக்குள் அடுக்கிவிட்டு, படைப்புகளுக்கு அருகில் சிந்தனையோடு நிற்போம். இயக்குநருக்குத் தடுப்புக்குப் பின்னால் தலையணை வைத்த ஒரு பழைய நாற்காலி இருந்தது. அதைக் கழிவறைக்குக் கொண்டுபோக மாட்டோம். பதவிக்கு மரியாதை உண்டல்லவா, அதன் மேல் ஒரு துணியைப் போர்த்தி, 'முடிக்கப்படாத படைப்பு' என்று ஒரு அட்டையைக் குத்தி வைப்போம்.

இப்படி இருக்கும்போதுதான் 'விழிப்பு' வந்தது.

அதைச் செய்தவர் எங்கள் தலைமை வடிவமைப்பாளர். நேர்க்கோடு என்றாலே அவருக்கு ஆகாது என்பதால் அவருக்கு வளைவு சார் என்று பெயர். விழிப்புக்கு மூன்று கால்கள். உட்காரும் பலகை முன்பக்கமாகச் சரிந்திருக்கும். முதுகு சாய இடமில்லை. அந்த இடத்தில் பிடரி உயரத்தில் ஒரு வளையம் மட்டும் நின்றது.

"முதுகு எங்க சார் சாயும்?" என்று கேட்டேன்.

"சாயாது. சாயலாமேங்கற ஏக்கத்தை மட்டும் அந்த வளையம் குடுக்கும். ஏக்கம் இருக்கற மனுஷன் தூங்க மாட்டான். ஆபீசுக்குன்னே யோசிச்சுப் பண்ணினது" என்றார்.

மூன்றடி தள்ளி நின்றேன். முழங்காலை மடக்கினேன். கண்ணை மூடி எண்ணத்தால் அமர்ந்தேன். எண்ணத்திலேயே வழுக்கிக் கீழே விழுந்தேன். கண்ணைத் திறந்தபோது வளைவு சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தில் இதம் என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள் உண்டு: இதம், பேரிதம், பழகப் பழகப் பேரிதம். நான்காவது கட்டம் கிடையாது. நான் மூன்றாவதில் டிக் போட்டேன். அதுதான் என்னால் முடிந்த எதிர்ப்பு. புரிகிறவர்களுக்குப் புரியும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வளைவு சாருக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், அந்த மூன்று சொற்களையும் சீட்டிலேயே அச்சடிக்கச் சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து அக்கா போன் செய்தாள்.

என் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஒரு பெரிய அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கும் கவுண்டரில் வேலை. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்து வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே வரிசை குறையாது. நான் படித்து முடித்து வேலையில்லாமல் இரண்டு வருடம் சுற்றியபோது எனக்குச் சோறு போட்டவள். எனக்கு இந்த வேலை கிடைத்ததும் தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தவளும் அவள்தான்.

"டேய் தம்பி! எங்க ஆபீசுக்குப் புது நாற்காலி வந்திருக்குடா. நாப்பது! என்னமோ மாதிரி இருக்கேன்னு கவுத்துப் பாக்கறேன், அடியில உன் கையெழுத்து! எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிட்டேன்."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்வானேன்.

"பழகப் பழகப் பேரிதம்னு போட்டிருக்கே, எத்தன நாள்ல பழகும்?"

"ஒரு பத்து நாள்ல பழகிடும்க்கா" என்றேன்.

பத்து நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வாயிலிருந்து வந்தது, அவ்வளவுதான். பத்தாம் நாள் மறுபடியும் போன்.

"இன்னும் பழகலடா. காலைத் தரையில ஊனி ஊனிப் பிடிச்சுக்க வேண்டியிருக்கு. கொஞ்சம் அசந்தா வழுக்கிக் கவுண்டருக்கு அடியில போயிடறேன். நான் ஏதாவது தப்பா உக்கார்றேனா?"

"ஆளப் பொறுத்ததுக்கா. சில பேருக்கு ஒரு மாசம் ஆகும்."

"அதானே பாத்தேன். இங்க எல்லாரும் கன்னாபின்னான்னு திட்றாங்க. நான் விடுவேனா? என் தம்பி மூணு நாள் உக்காந்து பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டான், உங்களுக்கு உக்காரத் தெரியலன்னா அவன் என்ன பண்ணுவான்னு கேட்டுட்டேன்."

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூணு நாள் இல்லக்கா, முப்பது எண்ணும் நேரம், அதுவும் நின்றபடி என்று ஒரே வாக்கியம். நான் "சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் வலித்தைல வாசனை. எனக்கும் மாமாவுக்கும் டீ கொடுத்துவிட்டு அவள் சுவரோரமாக நின்றுகொண்டே குடித்தாள். சோபா காலியாகக் கிடந்தது.

"உக்காரேன்க்கா."

"வாரம் பூரா உக்காந்துதானேடா கெடக்கேன்."

மாமா சிரித்தார். "உங்கக்கா இப்பல்லாம் நின்னுக்கிட்டேதான் டிவி பாக்கறா. சீரியல் முழுசும். நாலாவது விளம்பரத்துல கால் மாத்திக்குவா."

"வயசாகுதுல்ல" என்றாள் அக்கா.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. போன வருடம் ஒரு தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறியவள். நான் டீயைக் குடித்து முடித்தேன். டம்ளரை வைத்தேன். வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்கவில்லை. நிபுணர்களுக்கு இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வாரம் மையத்துக்கு ஒரு மனு வந்தது. அக்காவின் அலுவலகத்திலிருந்துதான். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். போடாத ஒரு ஆள் யார் என்று எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. வழக்கம்போல் அது உரையாடல் அறைக்குத்தான் போயிருக்கும். ஆனால் அந்த அலுவலகம் மற்ற கிளைகளுக்காக இன்னும் நானூறு விழிப்பு கேட்டிருந்தது. அதனால் இயக்குநர் 'நேரடி அமர்வு ஆய்வு' ஒன்றை அறிவித்தார். இயக்குநர், வளைவு சார், ஒரு புகைப்படக்காரர், நான். நால்வரும் வேனில் போனோம். வேனில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு இயக்குநர் தன் உரையைப் படித்துப் பார்த்தார்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் வளைவு சார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். ஊழியர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பலகையின் சரிவில் பழைய விண்ணப்பக் கட்டுகளைச் சணலால் கட்டியிருந்தார். ஒருவர் தன்னையே துண்டால் வளையத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார். மூன்றாம் கவுண்டர் அம்மா முன்காலுக்கு அடியில் ஒரு செங்கல்லை வைத்திருந்தார்.

"செங்கல்லா?" என்றார் வளைவு சார். கண் கலங்கிவிட்டது.

"ஆமா சார். இது வந்த பொறவுதான் நேரா உக்கார முடியுது."

அவர் குனிந்து அந்தச் செங்கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கலக்கம் மெல்ல மாறியது. புகைப்படக்காரரைக் கூப்பிட்டு நான்கு பக்கமும் படம் எடுக்கச் சொன்னார். பிறகு, "இதை நான் எடுத்துக்கறேன். அடுத்த கண்காட்சிக்கு வேணும்" என்று உருவிக்கொண்டார். மூன்றாம் கவுண்டர் அம்மா நாற்காலியோடு முன்னால் சாய்ந்து கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே! உடம்புக்கு ஓய்வு குடுக்கறது பழைய காலத்துப் பொருள். உடம்பைக் கேள்வி கேக்கறது எங்க படைப்பு!"

"என் இடுப்பு ரெண்டு மாசமா பதில் சொல்லிக்கிட்டுத்தான் சார் இருக்கு" என்றார் மூன்றாம் கவுண்டர் அம்மா.

"பாத்தீங்களா, உரையாடல் ஆரம்பிச்சிடுச்சு!" என்று இயக்குநர் மகிழ்ந்தார். "நாப்பது பேர்ல ஒருத்தர் மட்டும் இந்த மனுவுல கையெழுத்துப் போடல. அவங்க யாரு?"

ஐந்தாம் கவுண்டரிலிருந்து அக்கா கையைத் தூக்கினாள். அந்த அலுவலகத்தில் எதையும் கட்டாமல், எதையும் முட்டுக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். முட்டி இரண்டும் விறைத்து நடுங்கிக்கொண்டிருந்தன. எல்லோரும் அவளைச் சுற்றிக் கூடினோம். நான் கடைசியில் நின்றேன்.

"சொல்லுங்கம்மா. உண்மையைச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

"நல்லா இருக்கு சார். பழகிடுச்சு."

முப்பத்தொன்பது பேரும் அவளைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதில் கோபம்கூட இல்லை. துரோகியைப் பார்க்கிற பார்வை. அது எனக்கு வர வேண்டியது. அவள் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டாள்.

அவள் அப்படியே உட்கார்ந்திருக்கப் புகைப்படக்காரர் வெளிச்சம் சரியில்லை என்று விளக்கை இடம் மாற்றி மாற்றி வைத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. அவள் சிரித்தபடியே இருந்தாள். கடைசியில் இயக்குநர், "எழுந்து வாங்கம்மா, சேந்து ஒரு படம் எடுத்துக்கலாம்" என்றார்.

அக்கா கவுண்டர் விளிம்பில் கையை ஊன்றினாள். எழவில்லை. மறுபடியும் ஊன்றினாள். உதடு வெளுத்தது. உடம்பு பாதி எழும்பி அதே இடத்தில் விழுந்தது.

"ஆகா!" என்றார் இயக்குநர். "எழுந்திருக்க மனசே வரல பாருங்க!"

வளைவு சார் கை தட்டினார். புகைப்படக்காரர் மூன்று படம் எடுத்தார். அந்த அலுவலகத்தின் மேலாளர் அதுவரை ஓரமாக நின்றவர், இப்போது யோசனையோடு தலையாட்டினார்.

"எங்களுக்கு இங்க பெரிய பிரச்சினையே, இவங்க அடிக்கடி எழுந்து டீ குடிக்கப் போறதுதான் சார். எழுந்திருக்கவே முடியாதுன்னா அதுவும் ஒரு வசதிதானே. அந்த நானூறையும் அனுப்பிடுங்க."

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அக்காவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். அவள் பாரம் முழுவதும் என் தோளில் விழுந்தது. முதுகு கட்டைபோல இருந்தது, எங்கேயும் மடங்கவில்லை. என் காதோரமாகக் கேட்டாள்:

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்லடா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். தைரியம் இருந்திருந்தால் அது இரண்டு மாதம் முன்னால் போனிலேயே வந்திருக்கும். அவமானம் நிரம்பி வாய் வழியாக வழிந்தது.

"இந்த நாற்காலில நான் உக்காந்ததே இல்ல" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. "இதுல மட்டும் இல்ல. எதுலயும் உக்காந்ததில்ல. எல்லாத்துக்கும் நின்னுக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டேன்."

இயக்குநர் என் தோளில் கையை வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் திரும்பினார்.

"கேட்டீங்களா? இதுதான் எங்க சான்றோட பலம். உக்காந்து பாத்திருந்தா அவருக்குன்னு ஒரு சொந்தக் கருத்து வந்திருக்கும். பதினோரு வருஷமா அதுக்கு நாங்க இடமே குடுக்கல."

மேலாளர் பாராட்டுவதுபோல் என்னைப் பார்த்தார். இயக்குநர் என் பக்கம் குனிந்து தணிந்த குரலில், "நாளைக்குக் காலைல விளக்கக் கடிதம் குடுத்துடுங்க. உக்காராததுக்கு இல்ல. வெளியாள் முன்னால நாற்காலின்னு சொன்னீங்களே, அதுக்கு" என்றார்.

அக்கா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு கவுண்டரைப் பிடித்து நின்றாள்.

"உக்காரலயா?"

"இல்லக்கா."

"ஒரு தடவைகூட?"

"இல்ல."

"எனக்குத்தான் உக்காரத் தெரியலன்னு நெனச்சேன்டா" என்றாள். "வீட்ல முக்காலிக்கு ஒரு பக்கம் கட்டையை வச்சு, சாச்சுப் போட்டு, உங்க மாமா குளிக்கப் போற நேரத்துல பழகிப் பாத்தேன். தெனமும்."

மூன்றாம் கவுண்டர் அம்மா வந்து அவள் முகத்தைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டார். அவள் பையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அக்காவுக்கு அரைநாள் லீவு கொடுத்தார்கள். வேனில் ஏறச் சொன்னதற்கு அவள் வேண்டாம் என்றுவிட்டாள். இரண்டு பேரும் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தோம். பத்தடிக்கு ஒரு தடவை நின்றாள். நான் கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. மையத்துக்கு இனிமேல் போக மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொன்னால் அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அந்தச் சுமையையும் அவள் மேல் ஏற்ற மனமில்லாமல் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தேன்.

பஸ்ஸில் கூட்டம். ஜன்னலோரத்தில் ஒரே ஒரு சீட் காலியாக இருந்தது. ரெக்சின் கிழிந்து, உள்ளே பஞ்சு தெரிந்தது. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவிடம், "நீ உக்காருக்கா" என்றேன்.

"வேணாம். நீ உக்காரு" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. களைப்பாக, நிதானமாகத்தான் சொன்னாள். "உக்காந்து பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லு."

பக்கத்தில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியது. முதுகு சாய்ந்தது, கால் தரையில் பதிந்தது. அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் பதிலுக்காக என்னையே பார்த்தபடி நின்றாள். சீட் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.